துணைச் செயற்கூறுகள்

கணினி என்றவுடன் பெரிய நிரல்களே நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் சிறிய துணைச் செயற்கூறுகளைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

படமும் பொத்தானும் இன்றி, எழுத்தால் கட்டளை பெற்று எழுத்தால் விடை தரும் திரையே முனையம் எனப்படும். அதில் இயங்கும் நிரல்களுக்குச் சில வேலைகள் பொதுவானவை: வினவுதல், பிழையை அறிவித்தல், பட்டியலை ஒழுங்குற எழுதுதல். இவற்றை ஒவ்வொரு நிரலிலும் புதிதாக எழுதுவது, ஒவ்வொரு கணக்கிற்கும் வாய்பாட்டைப் புதிதாக இயற்றுவது போன்றதாகும். ஒருமுறை செம்மையாக எழுதிப் பெயரிட்டு, வேண்டும்பொழுது அழைத்துக்கொள்வதே துணைச் செயற்கூறு.

இக்கருத்து புதியதன்று. கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, இத்தகைய கூறுகள் துளையிட்ட காகித நாடாக்களில் தொகுத்து வைக்கப்பட்டன. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951-இல் அம்முறையை நூலாக வெளியிட்டனர்.

கோப்புகளை அழிக்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். "அழிக்கலாமா?" என்று வினவும் செயற்கூறு, "ஆம்" என்ற விடையை மட்டுமே இசைவாகக் கொள்ள வேண்டும், வெறுமையும் பிழையான சொல்லும் மறுப்பே. அன்றியும், முனையத்தின் முன் ஆள் இருக்கின்றாரா என்பதையும் அது ஆராய வேண்டும். இரவில் தானே ஓடும் நிரல் வினவிவிட்டு நின்றால், விடை சொல்வார் யார்? யூனிக்ஸ் முறையில் 'ஐசாட்டி' என்னும் செயற்கூறு, உள்ளீடு முனையத்திலிருந்து வருகின்றதா என்பதைக் கூறிவிடும். வரவில்லையெனில் நிரல் ஒன்றையும் அழியாது, பிழைக்குரிய தனி வழியில் செய்தி விடுத்து, சுழியம் அல்லாத எண்ணைத் திருப்பி முடிதல் நன்று. சுழியம் வெற்றியைக் குறிக்கும். பிற எண்கள் தோல்வியைக் குறிக்கும்.

தமிழர்க்கு உரிய சிக்கலும் ஒன்று உண்டு. 'செந்தில்' என்னும் பெயரில் எழுத்துகள் நான்கு என்பதைத் தொடக்கப்பள்ளிச் சிறுவனும் அறிவான். யூனிகோடு முறையிலோ, கொம்பும் மேல்விலங்கும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலின் அவை எட்டு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட்டுகள். பைட்டுகளை எண்ணி இடம் விடும் நிரல், பத்து இடம் கொண்ட பத்தியில் இப்பெயர் நிரம்பி வழிவதாகக் கருதி, ஓர் இடைவெளியும் விடாது. மதிப்பெண் பட்டியலில் பெயரும் எண்ணும் ஒட்டிக்கொள்ளும். ஒரு மாணவனின் எண் மற்றொரு பாடத்தின் கீழ் நிற்கும். எனவே, குறிகளைச் சேர்த்து எழுத்தாக எண்ணும் துணைச் செயற்கூறு நமக்கு இன்றியமையாதது. அவ்வெழுத்துகள் திரையில் கொள்ளும் அகலமோ முனையத்திற்கு முனையம் வேறுபடுமாதலின், அதனைத் தனியே சோதித்தல் வேண்டும்.

செயற்கூறு சிறிதாயிருத்தல் வேண்டும். ஒரு வேலையையே செய்தல் வேண்டும். அதன் பெயரே அதன் பணியை உணர்த்துதல் வேண்டும். அங்ஙனம் அமைந்த கூற்றில் ஒரு பிழையைத் திருத்தினால், அதனை அழைக்கும் நிரல்கள் யாவும் திருந்தும். ஆதலால், நிரல் எழுதக் கற்கும் இளைஞர்கள் முதலில் இச்சிறு கூறுகளைச் செம்மை செய்வார்களாக.