குளிரைத் தைத்து அடைத்த பெண்கள்

யப்பானியக் கைப்பணி என்றதும் பட்டும் பளபளக்கும் அரக்குப் பாத்திரமுமே பேசப்படுவதுண்டு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஏழைக் கமக்காரப் பெண்களின் தையல் ஒன்றை. அதன் பெயர் கொகின். வயல்வேலைக்கு அணியும் குட்டைச் சட்டையின் பெயரே தையலுக்கும் ஆகிவந்தது.

யப்பானின் பிரதான தீவின் வடகோடியில் ட்சுகரு என்னும் நெல் விளையும் பகுதி உண்டு. மாதக்கணக்கில் உறைபனி மூடிக்கிடக்கும். அந்தக் குளிரில் பருத்தி வளராது. வெளியிலிருந்து வந்த பருத்திக்கோ விலை அதிகம். போதாக்குறைக்கு, கமக்காரர் பருத்தி ஆடை அணியலாகாது என அப்பகுதியை ஆண்ட பிரபுவின் நிர்வாகம் 1724 இல் கட்டளையிட்டது. சிக்கனமாம்! எந்த நாட்டிலும் சிக்கனம் உழைப்பவனின் முதுகிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சணல் நாரில் நெய்து அவுரி நீலத்தில் தோய்த்த துணியே அவர்களுக்கு எஞ்சியது. அதன் இழைகளுக்கிடையே காற்றுப் புகும். பெண்கள் அந்த இடைவெளிகளை நூலால் அடைத்தனர். முதலில் சணல் நூல். பின்னர், கிடைக்கக் கிடைக்க, வெள்ளைப் பருத்தி நூல். நெடுக்கிழைகளை 1, 3, 5, 7 என ஒற்றைப்படையில் எண்ணி ஊசியைக் குறுக்கே ஓட்டுவார்கள். அவ்வாறு எண்ணித் தைக்கையில் சாய்சதுரக் கோலங்கள் விழும். அவரைவிதை, பூனைக்கண், சுரைக்காய் என அவற்றுக்கு வீட்டுப் பெயர்கள் உண்டு. தையலால் தோட்பகுதி தடித்ததால் சுமை தூக்கியும் துணி எளிதில் கிழியவில்லை. வெள்ளை நூல் பழுப்பேறியதும் ஆடையை மறுபடி நீலத்தில் தோய்த்து அணிந்தனர்.

1891 இல் ரோக்கியோவிலிருந்து அவோமோரி வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மலிவான பருத்தித் துணி வந்தது, கொகின் கைவிடப்பட்டது. இதைத் துயரமாக எழுதுவோர் உளர். விளக்கடியில் கண்நோக இழை எண்ணிய பெண்ணைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். 1930களில் யனகி சோயெட்சு முதலானோர் இதன் அழகை எடுத்துக்காட்டினர். பின்னர் ஹிரோசாகி நகரில் இத்தையல் மீண்டும் தழைத்தது.

துணியை வலுப்படுத்தும் இவ்வகைத் தையல்கள் யாவற்றுக்கும் சஷிகோ என்பது பொதுப்பெயர். அதே வடகிழக்குப் பிரதேசத்தின் பசுபிக் கரையில் ஒட்சுச்சி என்ற சிறு நகரம் இருக்கிறது. 2011 மார்ச் 11 இல் எழுந்த கடற்பேரலை அதன் நகர முதல்வரையும் கொண்டுபோனது. தப்பியவர்கள் முகாம்களில் ஒதுங்கினர். ஆண்களுக்கு இடிபாடு அகற்றும் வேலையாவது கிடைத்தது. பெண்களுக்கு, விசேடமாக வயது சென்றவர்களுக்கு, ஒன்றுமில்லை. முகாமில் வெறுங்கையுடன் இருப்பது எத்தகையதென்று எமது வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அவ்வாண்டு யூன் மாதம் அங்கே சஷிகோ ஆரம்பமானது. பாயளவு இடமும் ஊசியும் நூலும் துண்டுத் துணியும் போதும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இரைச்சலும் இல்லை. துணிகள் விலைபோயின, தைத்தவர் கைக்குக் கூலி வந்தது. அது நிவாரணப் பணமல்ல, அவர்களே உழைத்தது. முகாம்கள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அவர்களிற் சிலர் ஊசியைக் கீழே வைக்கவில்லை.