தானே சமைக்கும் வானூர்தியும் பொருட்டெரிவும்

வானூர்தி என்றதும் பல்லாயிரவர் பணிபுரியும் பெருந்தொழிற்சாலைகளே நம் நினைவில் எழுகின்றன. ஆயின், மனிதன் ஏறிச் செலுத்திய முதல் இயந்திர வானூர்தியை ஆக்கியோர் துவிச்சக்கரவண்டிக் கடை நடத்திய இரு சகோதரர் என்பதை நாம் மறத்தலாகாது. 1903 ஆம் ஆண்டு டிசெம்பர் 17 ஆம் நாள் ரைட் சகோதரரின் ஊர்தி முதன்முறை எழுந்து 12 விநாடியில் 120 அடி தூரம் சென்றது. அதன் உடல் ஸ்புரூஸ் மரமும் ஆஷ் மரமும். சிறகின் போர்வை கடையில் வாங்கிய வெளுக்காத மசுலின் துணி. எஞ்சினின் உடலை மாத்திரம் செம்பு கலந்த அலுமினியத்தால் வார்ப்பித்தனர். எடை குறைய வேண்டிய இடம் எது, வலிமை குன்றலாகாத இடம் எது என்று அவர்கள் எண்ணித் தெரிந்தமையே அவ்வூர்தி பறந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

அம்மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. தாமே வானூர்தி அமைப்போர்க்கென 1953 இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றிற்று. நம் இலங்கையிலே பொறியியலாளரும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராய் விளங்கியவருமான ரே விஜேவர்த்தன (1924–2010) சிற்றூர்திகள் பலவற்றைத் தாமே வகுத்து, அமைத்து, பறந்தும் காட்டினார். நம் வயல்களில் ஓடும் இருசக்கர உழவு இயந்திரத்தின் வரலாற்றிலும் அவர் பெயர் உண்டு என்பது ஈண்டு நினைத்தற்குரியது. மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, அடுக்குமாடி வீட்டின் மேற்றளத்தில் அமைத்த ஆறு இருக்கை ஊர்தி 2016 இல் பொதுமக்கள் காண வைக்கப்பெற்றது. 2017 இல் இந்திய அரசின் பதிவும் பெற்றது.

இவற்றையெல்லாம் படத்திற் கண்டு உள்ளங் கிளர்ந்த நம் மாணவர் சிலர், மட்டக்களப்பு நகர்க் கடைகளிற் கிடைக்கும் பொருளைக் கொண்டே ஓர் ஊர்தி சமைத்தல் கூடாதோ என வினவுகின்றனர். வினா நன்று. அதற்கு விடை கூறுமுன் ஓர் உண்மையை விளங்கிக் கொள்ளல் வேண்டும். வீடும் பாலமும் கட்டுவோர் தாம் எதிர்பார்க்கும் சுமையினும் பன்மடங்கு தாங்கும்படி பொருளைப் பருமனாக்கிவிடலாம். நிலம் அவ்வெடையைத் தாங்கிக்கொள்ளும். வானூர்தியை அவ்வாறு பருமனாக்கின் அது எழாது. ஆதலின், பறப்பில் நேரக்கூடிய மிகப் பெருஞ்சுமையின் ஒன்றரை மடங்கையே அதன் உறுப்புக்கள் தாங்குமாறு வகுக்கின்றனர். இவ் வரைமடங்கு மிகையே பறப்பவனுக்குள்ள காவல் அனைத்தும். ஒரு பலகையின் வலிமை நூலிற் கண்டதிற் பாதியாயின், அக்காவல் முழுதும் அப்போதே கரைந்துபோயிற்று. பொருளின் தரத்தை ஐயமற அறிதல் இங்கு உயிர்க்காப்பாவது இதனாலேதான்.

முதற்கண் மரத்தை நோக்குவாம். வட அமெரிக்க மேற்குக் கரையில் வளரும் சிற்கா ஸ்புரூஸ் என்பதே நெடுங்காலமாக உரைகல்லாகக் கொள்ளப்படுவது. அது கன அடிக்கு ஏறத்தாழ 27 இறாத்தல் எடையுள்ளது. நம் நாட்டு முதிரையோ அதன் இருமடங்கு எடையது. ‘முதிரை மிக வலிதாயிற்றே, பாதிப் பருமன் போதாதோ?’ எனின், போதாது. அமுக்கத்தைத் தாங்கும் உறுப்பு முறிவதற்கு முன்னரே வளைந்து நெளிந்துவிடும். ஒரு தகட்டின் விறைப்புத் தன்மை அதன் தடிப்பின் கனத்தைப் பொறுத்தது. தடிப்பைப் பாதியாக்கின் விறைப்பு எட்டிலொன்றாகும். எனவே மென்மையான எடையும் மிக்க தடிப்பும் உள்ள மரமே சிறகின் தண்டுக்கு ஏற்றது. தேக்கு, கடலுக்குச் சிறந்ததேனும், அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுக்கு இடையூறாகும். இலவம் எடை குறைந்ததாயினும் வலியற்றது. ஈரத்தில் விரைந்து உளுக்கும். டக்ளஸ் பேர் மரம் சற்று எடை மிகுந்ததாயினும் ஸ்புரூஸிற்கு மாற்றாக ஏற்கப்பட்டதாகும்.

இனம் நல்லதாயினும் ஒவ்வொரு பலகையும் நல்லதன்று. இழையோட்டம் பலகையின் விளிம்போடு ஒத்துச் செல்லல் வேண்டும். 15 அங்குல நீளத்தில் 1 அங்குலத்திற்கு மேல் விலகின் அப்பலகை தள்ளப்படும். கண்ணுக்கு இழை புலப்படாவிடின் ஒரு துளி மையை இட்டுப் பார்க்கலாம். அஃது இழைவழியே படர்ந்து உண்மையைக் காட்டும். ஸ்புரூஸாயின் வெட்டுமுகத்தில் அங்குலத்துக்கு ஆறு வளையமேனும் இருத்தல் வேண்டும். இவற்றினும் கொடியது அமுக்க முறிவு. மரம் காற்றில் அளவுக்கு மீறி வளைந்தபோதோ, வெட்டுண்டு மேட்டில் விழுந்தபோதோ உண்டான இம்முறிவு, இழைக்குக் குறுக்கே மயிர்போன்ற சுருக்கமாகவே தோன்றும். பலகையைச் சாய்வான ஒளியிற் பிடித்து உருப்பெருக்கியால் நோக்கினாலன்றிப் புலப்படாது. அத்தகைய பலகை சுமை ஏறுகையில் யாதோர் அறிகுறியுமின்றி முரிந்துவிடும். இவ்விடயத்தில் நம் தோணி கட்டும் தச்சரின் கண் பெரிதும் பயன்படும். மரத்தின் குற்றங்களை அவர்கள் கைபட்டே அறிவர். அவர் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் தமிழுக்கும் ஆக்கமாகும். 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலானந்த அடிகள் பிறந்த நாட்டினர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

மட்டக்களப்பு வாவிக்கரையினர் சிறப்பாகக் கருத வேண்டியது ஈரம். வாடைக்கால மழையில் மரம் காற்றின் ஈரத்தை உண்டு பெருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் அதே மரம் வறண்டு சுருங்குகிறது. வானூர்தி மரத்தின் ஈரம் நூற்றுக்கு 8 முதல் 12 வரை இருத்தல் வேண்டும் என்பது விதி. அதற்குமேல் நூற்றுக்கு ஒன்று ஏறுந்தோறும் அமுக்கத்தைத் தாங்கும் வலிமை நூற்றுக்கு ஐந்து அளவிற் குறையும். எனவே 12 இல் இருந்த மரம் மழைக்காலத்தில் 16 ஆயின், ஐந்திலொரு பங்கு வலிமை போயிற்று. ஈரத்தை அளத்தற்குக் கல்லூரி ஆய்வுகூடமே போதும். மரத்துண்டை நிறுத்து, 103 பாகை சதமவளவில் எடை மாறாதிருக்கும்வரை உலர்த்தி, மீண்டும் நிறுத்தல் வேண்டும். முன்னர் 115 கிராமும் பின்னர் 100 கிராமும் ஆயின் ஈரம் நூற்றுக்கு 15. அம்மரம் இன்னும் பதம் பெறவில்லை என்று கொள்க.

மரத்தினும் பசையே பலரை வஞ்சித்தது. இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற மொஸ்கிற்றோ என்னும் பிரித்தானிய வானூர்தி, பேர்ச் ஒட்டுப்பலகைகளிடையே பல்சா மரத்தை வைத்து ஒட்டிய உடலையுடையது. தொடக்கத்திற் பாலிலிருந்து பெறப்படும் கேசின் பசையே அதற்குப் பயன்பட்டது. 1944 இல் இந்திய-பர்மியப் போர்முனையில் இவ்வூர்திகள் சில சிறகு பிளந்து வீழ்ந்தன; ஏனையவற்றை நிறுத்திவைத்துச் சோதித்தனர். வெப்பமும் ஈரமுமே காரணம் என முதலிற் கருதினர். பின்னர்ப் பலகைகள் தொழிற்சாலையிலேயே செவ்வையாகப் பொருந்தாது இடைவெளியுடன் ஒட்டப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் கற்றல் வேண்டும். பாற்பசை ஈரத்திற் பூஞ்சணத்துக்கு இரையாகும் என்பதும் மெய். நற்பசையும் தீய வேலையை மறைக்கமாட்டாது என்பதும் மெய்.

இக்காலத்தில் மரவானூர்திக்கு அமெரிக்க அரசின் விமானத்துறைக் கைந்நூல் முதலிடம் தருவது றெசோசினோல் பசைக்கு. அது கொதிநீரையும் தாங்கும். ஆயின் பலகைகள் நெருங்கப் பொருந்தலும் இறுகப் பிடித்தலும் அதற்கு வேண்டும். குறைந்தது 21 பாகை சதமவளவு வெப்பமும் வேண்டும். அது நமக்கு ஆண்டு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. எப்பொக்சிப் பசை சிறு இடைவெளியை நிரப்புமேனும் வெயிலிற் சூடேறின் இளகும். எப்பசையாயினும், கலந்த ஒவ்வொரு முறையும் இரு மரத்துண்டுகளை ஒட்டிவைத்து மறுநாட் பிளந்து பார்த்தல் வேண்டும். மரம் கிழிந்தால் பசை நன்று. பசைக்கோட்டில் வழுவிப் பிரிந்தால் அன்று ஒட்டியவை அனைத்தும் ஐயத்துக்குரியவை.

கடைகளில் விற்கும் சாதாரண ஒட்டுப்பலகையின் உள்ளே வெற்றிடங்கள் இருக்கும். ஒரு கீற்றை வெட்டிப் பல மணிநேரம் கொதிநீரில் இட்டாற் படைபடையாகப் பிரிந்து அதன் இயல்பைத் தானே உரைக்கும்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் நம் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றைப் பழுதுபார்க்கும் கைவினைஞரும் பெருகினர். ‘படகு செய்யும் பொருளாற் சிறகும் செய்யலாமே’ என்பது இயல்பாக எழும் எண்ணம். பேட் ரூட்டன் என்பார் 1975 இற் பறக்கவிட்ட வரிஈஸி என்னும் ஊர்தி கண்ணாடியிழையால் ஆனதே. ஆனால் அவர் கொண்டது நெய்த இழைத்துணியும் எப்பொக்சியும். படகுக்குரியதோ தாறுமாறாக வெட்டிய இழைப்பாயும் பொலியெசுத்தர் பிசினும். நெய்த துணியில் இழைகள் சுமையின் திசையில் நேராகக் கிடந்து உழைக்கும். வெட்டிய பாயில் அஃதில்லை. அன்றியும் அப்பிசினில் உள்ள திரவம், சிறகின் உட்கருவாகும் வெண்ணுரைப் பொருளைச் சர்க்கரைபோற் கரைத்துவிடும். பெற்றோலும் அவ்வாறே கரைக்கும். ரூட்டன் வகை ஊர்திகள் வெண்ணிறமாகவே காணப்படுதற்குக் காரணம் அழகன்று. கரிய நிறம் வெயிலை உண்டு எப்பொக்சியை இளகச் செய்யும் என்னும் அச்சமே.

உலோகத்துக்கு வருவாம். கடையில் யன்னற் சட்டமாக விற்கும் அலுமினியம் பெரும்பாலும் 6063 என்னும் எண்ணுடையது. வானூர்தியில் வழங்கும் 6061-ரி6 கலப்புலோகத்தின் வலிமையில் அது பாதியளவே. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. நிறுத்தாலும் வேறுபாடு தோன்றாது. இங்கேதான் இளைஞர் ஏமாறுகின்றனர். 2024 என்னும் வகை நூற்றுக்கு நான்களவு செம்பு கலந்தமையால் மிக வலியது. அச்செம்பினாலேயே உப்புக்காற்றில் எளிதில் அரிபடுவது. அதனால் அதன் இருபுறமும் தூய அலுமினியம் மெல்லிதாகப் போர்த்து விற்பர். அப்போர்வையைக் கீறலாகாது. ஆனி கீறாவிடினும் பென்சிலாற் கோடிடுதலும் தவறு. பென்சிலின் காரீயம் எனப்படுவது உண்மையிற் கரி. அக்கரியும் அலுமினியமும் உப்பீரமும் கூடின் ஒரு சிறு மின்கலம் ஆகி அலுமினியம் தின்னப்படும். பித்தளை ஆணியை அலுமினியத்தில் அறைதலும் அவ்வாறே. 1920களில் எழுந்த பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பை வாவிக்காற்று என் செய்தது என்பதை அதன் வழிச்செல்வோர் அறிவர். அங்கே தடித்த இரும்பு; இங்கேயோ மில்லிமீற்றரிலும் குறைந்த தகடு.

உருக்குக் குழாயாயின் 4130 என்னும் குரோமிய-மொலித்தன உருக்கே வேண்டும். தண்ணீர்க் குழாய் ஒருபோதும் ஆகாது.

ஊர்தியின் உறுப்புக்களைப் பிணைக்கும் போல்ற்றுக்களைப் பற்றி ஒரு துயரநிகழ்ச்சியைக் கூறுதல் தகும். 1989 செப்ரெம்பர் 8 ஆம் நாள், நோர்வேயிலிருந்து ஜேர்மனி சென்ற பார்ட்னெயர் நிறுவனத்தின் கொன்வெயர் 580 விமானம் டென்மார்க்குக்கு அப்பாற் கடலில் வீழ்ந்து 55 பேரும் மாண்டனர். வாற்சிறகைப் பிணைத்த போல்ற்றுக்களும் அவற்றின் துணையுறுப்புக்களும் போலியானவை, உரிய வலிமை அற்றவை என்பது ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. தேர்ந்த பொறியியலாளரைக் கொண்ட நிறுவனமே போலியால் ஏமாந்ததெனின் நம் நிலை என்னாகும்? வானூர்திக்குரிய உருக்குப் போல்ற்றின் தலையிற் சிலுவை போன்ற குறி இருக்கும். அது சதுர அங்குலத்துக்கு 125,000 இறாத்தல் இழுவிசையைத் தாங்கும். சாதாரண போல்ற்று அதிற் பாதியளவே தாங்கும். ஆயினும் குறியையும் போலிசெய்தல் அரிதன்று. ஆதலால் விற்பவரின் பெயர், வந்த வழி, தொகுதி எண், சான்றிதழ் என்பன இல்லாத போல்ற்றை, அஃது எத்துணை மலிவாயினும் வாங்கலாகாது. இவ்விடயத்திற் சிக்கனம் பேசுவாரோடு எனக்கு உடன்பாடில்லை.

துணியைப் பற்றிச் சிலவே கூறுதற்குள. பருத்தித் துணியின் இடத்தை இன்று பொலியெசுத்தர்த் துணி பற்றிக்கொண்டது. அது பூஞ்சணத்துக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும். அலுமினியத் துகள் கலந்த பூச்சே அதற்குக் குடை.

பொருளனைத்தும் தெரிந்த பின்னும் சோதனை ஒன்று எஞ்சும். ஆளோடு கூடிய மொத்த எடை 250 கிலோகிராம் ஆகும் ஓர் ஊர்தியைக் கொள்வோம். திருப்பத்திலும் காற்றடியிலும் அதன் சிறகு 3.8 மடங்கு, அதாவது 950 கிலோகிராம் சுமக்க நேரலாம். சிறகைத் தலைகீழாகத் தாங்கிகளில் ஏற்றி, அதன் சொந்த எடையைக் கணக்கிற் கழித்து, மணல்மூடைகளைப் படிப்படியாக அடுக்கல் வேண்டும். 950 கிலோகிராமில் நிறுத்தி இறக்கியதும் சிறகு பழைய வடிவத்துக்கு மீளல் வேண்டும். சிறிதாயினும் வளைவு தங்கின் அது பறத்தற்குரியதன்று. அதே பொருளால் அதே கையாற் செய்த வேறொரு சிறகை 1425 கிலோகிராம், அதாவது 25 கிலோகிராம் மூடைகள் 57 வரை ஏற்றி, மூன்று விநாடியேனும் முறியாது நிற்கின்றதா எனக் காணல் வேண்டும். இவ்விரண்டாஞ் சிறகைப் பின்னர்ப் பறக்கவிடலாகாது; அதற்காகும் செலவு வீண் என எண்ணுவோர் இம்முயற்சியில் இறங்காதிருத்தலே நன்று. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரிகளின் பதிவும் அனுமதியும் பெறாது எவரும் பறத்தல் இயலாது. அவர்கள் கேட்கும் சான்றிதழ்களும் ஈரக்கணக்கும் பசைத்துண்டுகளும் பொருள் வாங்கிய நாள்தொட்டே ஒரு பேரேட்டிலும் பெட்டியிலும் சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். முதலாண்டு ஒரு முழ நீளச் சிறகுத்துண்டை மட்டும் செய்து முரித்துப் பார்க்கும் மாணவர்க்கு அப்பேரேட்டின் முதற் பக்கங்கள் எளிதில் நிரம்பிவிடும்.