கிடேரி கண்காட்சிக்குப் போகிறது

உங்களில் பலருடைய வீட்டுக் கொட்டகையில் ஒரு கன்றுக்குட்டி நிச்சயம் இருக்கும். பள்ளிவிட்டு வந்ததும் அதன் கழுத்தைத் தடவிக் கொடுக்காமல் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் கன்றை வைத்தே உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றையும் கற்கலாம் என்றால் நம்புவீர்களா?

நீங்கள் பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த செட்டிகுளத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கரும்பேந்திய முருகன் மலைமேல் நிற்கும் ஊர். சின்ன வெங்காயத்திற்குப் பேர்போன ஊர். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலம். உங்கள் வீட்டில் ஒன்பது மாதக் கலப்பினக் கிடேரி ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துக் கால்நடை மருத்துவ முகாம் நடக்கப்போவதாகச் செய்தி வருகிறது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை கிராமந்தோறும் நடத்தும் இம்முகாம்களில் கன்றுகளின் பேரணியும் நடப்பதுண்டு. நன்கு வளர்க்கப்பட்ட கிடேரிக் கன்றுகளுக்குப் பரிசும் உண்டு.

உங்கள் கிடேரியையும் அழைத்துப் போக ஆசைதானே? அறுபது நாட்கள் இருக்கின்றன. வேலையைத் தொடங்குவோம்.

தராசு இல்லாமல் எடை

முதலில் கிடேரியின் எடை தெரிய வேண்டும். மாட்டை நிறுக்கும் தராசுக்கு எங்கே போவது? தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். கிடேரியைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் அது மார்புச் சுற்றளவு. தோள் முனையிலிருந்து பின்புறம் வாலுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு வரை அளந்தால் அது உடல் நீளம். இரண்டையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோகிராமில் கிடைக்கும். சுற்றளவு 120 செ.மீ., நீளம் 105 செ.மீ. என்றால்:

120 × 120 × 105 ÷ 10,840 = 139.5 கிலோ.

இந்தச் சூத்திரம் எப்படிப் பலிக்கிறது? மாட்டின் உடலை ஓர் உருளையாக எண்ணிப் பாருங்கள். உருளையின் கன அளவு அதன் சுற்றளவின் வர்க்கத்தையும் நீளத்தையும் பொறுத்தது என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கணக்குதான் கொட்டகைக்கு வந்திருக்கிறது.

அறுபது நாள் கழித்து மீண்டும் அளக்கிறீர்கள். சுற்றளவு 127, நீளம் 112 என்று வருகிறது. இப்போது எடை 166.6 கிலோ. கூடியது 27 கிலோ. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 450 கிராம். கலப்பினக் கிடேரிக்கு இது நல்ல வளர்ச்சி. இதே வேகத்தில் போனால், 140 கிலோவில் தொடங்கிய கிடேரி இருநூறு நாளில் 230 கிலோவை எட்டும். முதல் சினைக்கு ஏற்ற எடை அதுதான். ஆகவே, வாரம் ஒருமுறை அளந்து வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். கோடு சீராக மேலே ஏறினால் தீவனம் சரி. படுத்துவிட்டால் எங்கோ குறை இருக்கிறது.

வயிற்றுக்குள் ஒரு தொழிற்சாலை

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. பிறந்த கன்றில் நான்காம் அறைதான் பெரியது. பாலைச் செரிக்க அது போதும். கன்று புல்லையும் அடர்தீவனத்தையும் கடிக்கத் தொடங்கிய பிறகே முதல் அறையான அசையூண் வயிறு வளர்கிறது. அங்கே ஒவ்வொரு மில்லிலிட்டர் நீரிலும் ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நார்ப்பொருளைச் செரிக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. இந்த நுண்ணுயிர்களே வைக்கோலையும் தட்டையையும் உடைத்து, மாட்டுக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. நாம் மாட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் முதலில் சாப்பிடுபவை இந்தக் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளே!

அடர்தீவனத்தை வீட்டிலேயே கலக்கலாம். நூறு கிலோவுக்கு மக்காச்சோள மாவு 40, கடலைப் புண்ணாக்கு 27, தவிடு 30, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1 என்ற அளவு பொருந்தும். நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ போதும். இதனுடன் பசுந்தீவனம், உலர்ந்த தட்டை, வேண்டுமட்டும் தண்ணீர்.

மூன்று எச்சரிக்கைகளை மட்டும் மறக்காதீர்கள்.

ஒன்று, பரிசு ஆசையில் ஒரே நாளில் அரிசிச் சோற்றையும் கஞ்சியையும் குடம் குடமாக வைக்காதீர்கள். மாவுப்பொருள் திடீரென்று மிகுந்தால் வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டிவிடும். அசை போடுவது நின்று, வயிறு உப்பி, மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுந்து பொங்கலை அள்ளி ஊட்டி, மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. எந்தத் தீவனத்தையும் பத்து நாட்களில் சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும். நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ள அவகாசம் வேண்டாமா?

இரண்டு, இது செட்டிகுளத்துப் பிள்ளைகளுக்கென்றே சொல்வது. பட்டறையில் அழுகிய வெங்காயத்தையும், தரம் பிரித்துக் கழித்த வெங்காயத்தையும் வீணாகிறதே என்று கிடேரியின் முன் கொட்டாதீர்கள். வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. ஆட்டைவிட மாட்டை இது எளிதில் தாக்கும். அதிகமாகத் தின்ற மாடு சில நாளில் சோர்ந்து, கண்ணின் உட்புறம் வெளிறி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். உயிரே போவதும் உண்டு.

மூன்று, இளஞ்சோளப் பயிரிலும், மழையில்லாமல் வாடிய சோளத்திலும், மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு உண்டாகும். சோளம் பூத்த பிறகே பசுந்தீவனமாக அறுக்க வேண்டும்.

கொழுத்தது நல்லதா?

இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டையொட்டி டர்காம் எருது என்று ஒன்று புகழ்பெற்றிருந்தது. அதன் எடை 1,300 கிலோவுக்கும் மேல். அதை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். எது மிகக் கொழுத்ததோ அதுவே சிறந்தது என்று எண்ணிய காலம் அது.

பால் தரப்போகும் கிடேரிக்கு இந்த எண்ணம் கேடு. ஏன் தெரியுமா? சுமார் மூன்றாம் மாதம் முதல் கிடேரி பருவமடையும் வரை, மடியின் பால் சுரப்பித் திசு உடலின் மற்ற பகுதிகளைவிட வேகமாக வளர்கிறது. அந்தச் சமயத்தில் அளவுக்கு மீறித் தீனி கொடுத்துக் கொழுக்க வைத்தால், மடியில் சுரப்பிக்குப் பதில் கொழுப்பு சேர்கிறது என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். இன்று கண்காட்சியில் உருண்டு திரண்டு மின்னும் கிடேரி, இரண்டு வருடம் கழித்துக் கறவையில் ஏமாற்றிவிடலாம்.

ஆகவே சரியான அளவு எது? விலா எலும்புகளின் மேல் கையை வைத்துத் தடவுங்கள். எலும்புகள் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. லேசாக அழுத்தினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். எவ்வளவு அழுத்தியும் தட்டுப்படவில்லை என்றால் கொழுத்துவிட்டது. இதைக் கால்நடை வல்லுநர்கள் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்ணாகக் குறிக்கிறார்கள். கிடேரிக்கு மூன்றை ஒட்டி இருப்பதே அழகு.

கயிற்றுக்குப் பழக்குதல்

கொட்டகையில் சாதுவாக நிற்கும் கிடேரி, கூட்டத்தையும் ஒலிபெருக்கியையும் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அதைக் குறை சொல்லாதீர்கள். அதன் கண்ணும் காதும் நம்முடையவை போன்றவை அல்ல. தலையின் இரு பக்கமும் கண்கள் இருப்பதால், தலையைத் திருப்பாமலே சுமார் 330 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென்று தொட்டால் உதைக்கத்தான் செய்யும். தரையில் விழும் நிழலையும் குழியையும் பிரித்தறிவது அதற்குக் கடினம். நமக்குக் கேட்கும் ஒலியின் உச்ச எல்லை வினாடிக்கு 20,000 அதிர்வுகள். மாட்டுக்கோ 35,000 வரை கேட்கும். நாம் உணராத கீச்சொலிகூட அதன் காதைக் குத்தும்.

பழக்கும் முறை எளியது. முதல் வாரம் தலைக்கயிற்றைப் போட்டு, பக்கவாட்டிலிருந்து பேசிக்கொண்டே தடவிக் கொடுங்கள். இரண்டாம் வாரம் பத்தடி, இருபதடி நடக்கவிட்டு நிறுத்துங்கள். அது இழுத்தால் நீங்களும் இழுக்காதீர்கள், நின்றுவிடுங்கள். அது ஓரடி முன்னால் வைத்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். நடந்தால் கயிறு தளரும் என்று அதுவே கற்றுக்கொள்ளும். நடை முடிந்ததும் ஒரு கைப்பிடி தவிடு. மணியோசையையும் உணவையும் இணைத்து நாயைக் கொண்டு ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கண்டறிந்ததை நினைவுகூருங்கள். நடையையும் தவிட்டையும் கிடேரி அதேபோல் இணைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் முதல் தொலைவில் வானொலியை மெல்ல ஒலிக்கவிட்டு, நாளுக்கு நாள் அருகில் கொண்டு வாருங்கள். நண்பர்கள் நாலைந்து பேர் வந்து சுற்றி நிற்கட்டும். ஒன்று மட்டும் முக்கியம்: கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. நூற்றைம்பது கிலோ எடை ஓடத் தொடங்கினால் உங்களையும் இழுத்துக்கொண்டே ஓடும்.

தேய்ப்பும் சுழியும்

தினமும் தேங்காய் நாரால் முடி சாய்ந்திருக்கும் போக்கிலேயே தேய்த்து விடுங்கள். இது அழகுக்கு மட்டுமன்று. காதுமடல், தாடையடி, தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி ஒளிந்திருக்கும், தேய்க்கும்போதுதான் அகப்படும். உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு, தைலேரியா, பபேசியா போன்ற இரத்த ஒட்டுண்ணிகளையும் பரப்பும்.

தேய்க்கும்போது நெற்றிச் சுழியைப் பார்த்திருப்பீர்கள். சுழி பார்த்து அதிர்ஷ்டம் சொல்லுவார்கள் சந்தையில். சுழிக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வேறொரு சுவையான செய்தி உண்டு. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே உயரத்தில் அமைந்த மாடுகள், தாழ அமைந்தவற்றைவிட எளிதில் மிரள்வதாகக் கண்டனர். உங்கள் தெருவிலுள்ள மாடுகளில் இது பொருந்துகிறதா என்று நீங்களே குறிப்பெடுத்துப் பாருங்களேன்!

கூட்டத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

பல ஊர் மாடுகள் ஓரிடத்தில் கூடும்போது நோய்களும் கூடுகின்றன. முற்காலத்தில் வெக்கை நோய் என்னும் கொள்ளை நோய் சந்தைவழியே பரவி, ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போனது. இந்தியாவில் அது கடைசியாக 1995இல் காணப்பட்டது. தடுப்பூசியின் பயனாக 2011இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.

ஆனால் கோமாரி இன்னும் ஒழியவில்லை. 2019இல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல் கழலை நோயும் நம்மிடையே இருக்கிறது. எனவே தடுப்பூசியைக் கடைசி நாளில் போட்டுப் பயனில்லை. எதிர்ப்பொருள் உடலில் உருவாக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி, குடற்புழு மருந்தும் கேட்டு வாங்குங்கள். கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசி கிடேரிக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒருமுறை போடப்படுவது. உங்கள் கிடேரிக்குப் போட்டாயிற்றா என்று வீட்டில் கேளுங்கள்.

திரும்பி வந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் கிடேரியைத் தனியே கட்டுங்கள். உங்கள் செருப்பையும் கழுவுங்கள். கோமாரிக் கிருமி செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு வரும்.

அந்த நாள்

காலையில் வழக்கமான தீனியில் பாதி, தாராளமாகத் தண்ணீர். முதல்நாளே குளிப்பாட்டி, காய்ந்த வைக்கோலில் படுக்கவிடுங்கள். வெயில் ஏறுமுன் அழைத்துச் செல்லுங்கள். நடுவர் எதைப் பார்ப்பார்? முதுகு நேராக இருக்கிறதா, நெஞ்சு அகன்றிருக்கிறதா, நான்கு கால்களும் நேரே ஊன்றி நடக்கின்றனவா, நான்கு காம்புகளும் சீராக அமைந்திருக்கின்றனவா, கண் பளிச்சென்றும் மூக்கு ஈரமாகவும் இருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார். வாயைத் திறந்து பல்லையும் பார்க்கலாம். பால் பற்கள் விழுந்து முதல் இரண்டு நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டு வயதில்தான். எனவே வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியாது.

பரிசு பக்கத்து வீட்டுக் கன்றுக்கே போய்விட்டால்? போகட்டுமே! உங்கள் கையில் அறுபது நாள் அளவுக் குறிப்பேடு இருக்கிறது. எந்தத் தீவனத்தில் எத்தனை கிராம் வளர்ந்தது என்று உங்களால் சொல்ல முடியும். இன்னும் இரண்டு ஆண்டில் அந்தக் கிடேரி கன்று ஈன்று, சீம்பால் கொட்டகையில் வாசம் வீசும்போது, வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சொம்புப் பாலிலும் உங்கள் குறிப்பேட்டுக்கும் பங்கு உண்டு.

இன்று மாலையே அளவு நாடாவை எடுங்கள். கிடேரி காத்திருக்கிறது.