பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பிழைப்புக்கான வேலைகள் பலவும் குனிந்தோ குந்தியோ செய்ய வேண்டியவை. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பிடுங்கிக் காய் ஆய்வது, கரும்பு வெட்டு, மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவது. இருபது வருஷம் இப்படி உழைத்த உடம்பில் முழங்காலும் இடுப்பும் வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வலிக்கு வீட்டில் செய்யும் வைத்தியத்தை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடக்கத்தான் அரைத்து ஊற்றிய தோசை, நொச்சித் தழை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர், வாதநாராயணன் தழையை வதக்கிக் கொடுக்கும் ஒத்தடம்: இவற்றால் கெட்டுப்போனவர்கள் அரிது. ஆனால் ‘இயற்கை’ என்ற அதே பேரில் வேறொன்றும் விற்கிறது. ஊர் பேர் இல்லாத பொடிப் பொட்டலம், சீட்டு ஒட்டாத டப்பாவில் லேகியம், மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்துப் பார்க்கிறவர் தரும் உருண்டை, செல்போன் விளம்பரத்தை நம்பி வரவழைக்கும் கேப்ஸ்யூல். முதல் வகையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இரண்டாவதில் தெரியாது. மூலிகையா, ரசாயனமா என்று சண்டை போடுவதைவிட, என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதே நோயாளியைக் காப்பாற்றும். அப்படிக் கேட்கும் உரிமை சட்டத்திலும் இருக்கிறது.

மூலிகைகளுக்கு வலியைக் குறைக்கும் சக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பகுதியினருக்கு ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையும் மற்றவர்களுக்கு மஞ்சள் சாறும் நான்கு வாரம் கொடுத்தார்கள். மஞ்சள் சாறு ஐபுபுரூஃபனுக்குக் குறையாமல் வேலை செய்தது. நம் கோவையிலேயே முடக்குவாத நோயாளிகள் 43 பேரிடம் 36 வாரம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேத மருந்து, இன்னொரு பிரிவுக்கு இரண்டும். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறின. 43 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட முடியாது. ஆனாலும் நம் மருந்துகளை நேர்மையாகச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதற்கு இது சாட்சி. 2013இல் வெளியான இன்னொரு இந்திய ஆய்வில், சுக்கு, சீந்தில், நெல்லி சேர்ந்த மருந்து முழங்கால் வலியில் செலிகாக்சிப் என்ற வலி மாத்திரைக்கு ஈடாக நின்றது. அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் நொதி ஏறியதையும் அதே ஆய்வு மறைக்காமல் பதிந்திருக்கிறது. வேலை செய்யும் மருந்துக்குப் பக்கவிளைவும் இருக்கும். ‘பக்கவிளைவே இல்லாதது’ என்று ஒருவர் விற்கிறார் என்றால், அதில் மருந்தே இல்லை, அல்லது அவர் உண்மையைச் சொல்லவில்லை.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். குழம்பில் போடும் அளவில் அது உடம்பில் சேர்வது மிகச் சொற்பம். மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் கலக்கும் குர்குமின் பல மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்றைக்கு விற்கும் மஞ்சள் கேப்ஸ்யூல் பலவற்றில் அந்தக் கூட்டு இருக்கிறது. அமெரிக்காவில் மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் அறிக்கை வந்தது. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மஞ்சளை நினைத்துக்கொண்டு இந்தக் கேப்ஸ்யூலை விழுங்குவதுதான் பிழை. ஈச்சுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் நம் வைத்தியத்தில் உள்ளவைதான். அவற்றின் இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கிறது, புற்றுநோயும் உண்டாக்குகிறது. வாத நோய்க்குக் கொடுக்கும் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டாலே தோல் கொப்பளித்துவிடும். சித்த மருத்துவம் சுத்தி முறையையும் அளவையும் பத்தியத்தையும் இவ்வளவு விரிவாக எழுதி வைத்ததற்குக் காரணம், மூலிகையில் விஷமும் உண்டு என்று சித்தர்களுக்குத் தெரிந்திருந்ததுதான்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, சொல்லாமல் கலப்பது. 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ‘ஆர்ட்ரி கிங்’ என்ற மூட்டுவலி மருந்தைப் பற்றி எச்சரித்தது. மேலே எழுதியிருந்தது குளுகோசமைன், மஞ்சள் போன்றவை. உள்ளே கலந்திருந்தது டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும். அந்த ஒரு மருந்தோடு நிற்கும் விஷயம் அல்ல இது. ஸ்டீராய்டு கலந்த பொடியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, உடம்பில் கண்டுபிடிக்கலாம். மாதக்கணக்காக இருந்த வலி இரண்டே நாளில் பறந்துவிடும். பசி அதிகமாகும். சில வாரத்தில் முகம் உருண்டையாக வீங்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். நாளடைவில் எலும்பு கரையும். பொடியை விட்டால் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்பதால் நோயாளி மறுபடியும் அதே வைத்தியரைத் தேடிப் போவார். இந்த அறிகுறி இருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: பொடியைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால் உடம்பு தன் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். சட்டென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ போய், இத்தனை மாதமாக இதைச் சாப்பிட்டேன் என்று கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

‘இங்கிலீஷ் மாத்திரை மட்டும் கிட்னியைக் கெடுக்காதா?’ என்று கேட்பார்கள். கெடுக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்ளோஃபினாக் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அந்த அட்டையில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அச்சிட்டிருக்கிறது. ஒன்று நடந்தால் எதனால் என்று மருத்துவர் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பெயரில்லாத பொடியில் அந்த வழியும் இல்லை. இன்னொரு பேச்சு, ‘பத்து நாள் பொடி சாப்பிட்டுப் பார்ப்போமே’ என்பது. தேய்மான வலிக்குப் பத்து நாளில் ஒன்றும் ஆகிவிடாது. முடக்குவாதம் அப்படியில்லை. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் இறுகியிருந்து, இரண்டு கையிலும் சிறு மூட்டுகள் வீங்கினால், முதல் ஓரிரு வருஷத்திலேயே மூட்டு அரிக்கத் தொடங்கிவிடும். அரித்த மூட்டை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் எந்த வைத்தியத்துக்குப் போவதானாலும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து என்ன நோய் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தேய்மான வலிக்கோ, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுக்கிறார்கள். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவாக இருப்பது வருத்தமாக இருக்கிறது.

இனிச் சட்டம். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் விதிகளின்படி, விற்பனைக்கு வரும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தின் மேல் சேர்மானப் பட்டியல், தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் இருக்க வேண்டும். சேராங்கொட்டை, எட்டி, நாபி, பாதரசம் போன்றவை சேர்ந்த மருந்தை உள்ளுக்குச் சாப்பிடுவதானால், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். 1954ஆம் ஆண்டு ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் வாத நோயும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை. மூட்டு வாதத்துக்கு முழு குணம் என்று ஒட்டும் சுவரொட்டியை இந்தச் சட்டத்தை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். ஆனால் ஓர் ஓட்டையும் இருக்கிறது. தன்னிடம் வரும் நோயாளிக்காகத் தானே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்கு, மருந்துத் தயாரிப்பு, விற்பனைத் தடைகளிலிருந்து சட்டம் விலக்கு அளிக்கிறது. பொட்டலம் கட்டுகிறவர்கள் அதன் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள். ஆகவே சீட்டு இல்லாத மருந்தை வாங்கும்போது வைத்தியரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பரம்பரை வைத்தியம் என்பதே தகுதியாகிவிடாது, தகுதியும் பதிவும் வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவு பெற்றவரானால் சேர்மானத்தைச் சீட்டில் எழுதித் தருவதில் அவருக்கு என்ன தயக்கம்? எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தப் பிரிவுகளில் மருந்து இலவசம், கொடுப்பவர் படித்த மருத்துவர்.

பாதிப்பு வந்த பிறகும் வழி இருக்கிறது. மிச்சமுள்ள பொடி, காலி டப்பா, பணம் கொடுத்ததற்கான ரசீது அல்லது கூகுள் பே பதிவு, சுவரொட்டியின் போட்டோ, ரத்தப் பரிசோதனை அறிக்கை இவற்றை எறியாமல் வைத்திருங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. சித்த மருந்தானால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் தெரிவிக்கலாம். கலப்படம், உரிமம் பற்றிய புகார் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறைக்குப் போக வேண்டும். ஏமாற்று விளம்பரத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இழப்பீடு வேண்டுமானால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பாதிப்பு நடந்த 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மருந்துக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.