பாலாற்றங்கரையில் பயனும் இடரும்

ஒரு நாட்டில் தொழில்கள் எல்லா இடங்களிலும் சமமாகப் பரவி அமைவதில்லை. நீரும் மூலப்பொருளும் உழைப்பாளரும் போக்குவரத்தும் ஒருங்கே வாய்த்த இடத்தில் தொழில் வேர்கொள்கிறது. ஒன்று நிலைபெற்றபின் அதனைச் சார்ந்த பிறவும் அங்கேயே குவிகின்றன. இவ்வாறு தொழில் செறியும்போது இடரும் உடன் செறிகிறது. எனினும், பயன் செல்லும் வழியும் இடர் செல்லும் வழியும் ஒன்றல்ல. இதற்குப் பாலாற்றங்கரைத் தோல் தொழில் தக்க சான்றாகும்.

தொழில் செறிந்த வரலாறு

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்துள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாகக் கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பினும், அம்மணலுக்கடியில் நன்னீர் இருந்தது. பதனிடுதற்குரிய ஆவாரம்பட்டை எளிதிற் கிடைத்தது. சென்னைத் துறைமுகத்திற்கு இருப்புப்பாதையும் இருந்தது. எனவே தோல் தொழில் இங்குத் தழைத்தது. வணிகர் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மலர்ந்தது. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி இவ்வட்டாரத்தின் கல்விப் பெருமைகளுள் ஒன்று.

1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. வருவாய் உயர்ந்தது. ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமிய உப்புகள் பெரிதும் கைப்பற்றின.

இடர் சென்ற வழி

பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். அத்தோலைக் கழுவும் நீரில் அவ்வுப்பு கரைந்து வெளியேறுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு முறை கழிவுநீரின் பிற மாசுகளைக் குறைக்குமேயன்றி, கரைந்த உப்பை நீக்காது. அந்நீர் ஆற்று மணலின் வழியே ஊறிக் கிணறுகளைச் சேர்கிறது. தென்னையும் நெல்லும் பயிரிட்ட உழவர், தோல் வணிகத்தில் ஒரு காசும் பங்கு பெறாதவர். ஆயினும் அவர்தம் கிணறே முதலில் உவர்த்தது. தொலைநாட்டுக் கடையில் காலணி வாங்குவோர் கொடுக்கும் விலையில் அக்கிணற்றின் இழப்பு சேர்வதில்லை.

1996 ஆகத்து 28இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ வேளாண்மைக்குத் தகுதியிழந்ததையும் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு நாட்டின் சட்டத்தின் பகுதியே என அறிவித்தது. அதன் பயனாக அமைந்த ஆணையம் 29 ஆயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டோராகக் கண்டறிந்தது.

இடர் உழவரோடு நின்றதா? 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்.

2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீடு பெறாதோர்க்கு அரசு அதனை வழங்கி, மாசுபடுத்தியோரிடமிருந்து திரும்பப் பெறுமாறு ஆணையிட்டது. முதல் தீர்ப்பிற்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

நாம் கொள்ள வேண்டுவது

தோல் தொழில் அழிய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் உண்கின்றன. ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போருள் மிகுதியானோர் பெண்கள். கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரித்து நீரை மீளப் பயன்படுத்தும் முறை இன்று உண்டு. அதற்குச் செலவு மிகுதி. அச்செலவை யார் ஏற்பது என்பதே வினா. சிறு பதனிடுவோர்மீது மட்டும் அதனைச் சுமத்தினால் அவர் தாங்கார். ஏற்றுமதியாளரும் அயல்நாட்டுக் கொள்முதலாளரும் அதிற் பங்கேற்றல் முறை.

ஒரு வட்டாரத்தின் வளத்தைக் கணக்கிடுவோர் ஏற்றுமதித் தொகையை மட்டும் எழுதி ஏட்டை மூடிவிடலாகாது. உவர்த்த கிணறுகளையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும். பொருளியல் பயிலும் மாணவர் தத்தம் ஊரில் இக்கணக்கை எடுக்கத் தொடங்குவாராக.