இசைத்தொகுப்பி மென்பொருள்களில் கோப்பு இறக்குமதி: யமஹா டிஎக்ஸ்7 ஒலித்தொகுதிகளை முன்வைத்து

முன்னுரை

சிந்தசைசர் எனப் பரவலாக வழங்கும் இசைத்தொகுப்பி, இன்று பெரும்பாலும் கணினி மென்பொருளாகப் பயன்படுகிறது. பழைய கருவிகளுக்கென உருவாக்கப்பட்ட ஒலிகள், கோப்பு இறக்குமதியின் வழியாகவே அம்மென்பொருளைச் சென்றடைகின்றன. அந்நிலையில் நேரும் பிழை ஒலியின் இயல்பையே மாற்றிவிடக்கூடும். 1983ஆம் ஆண்டு யமஹா நிறுவனம் வெளியிட்ட டிஎக்ஸ்7 கருவியின் கோப்பு வடிவத்தைச் சான்றாகக் கொண்டு, இறக்குமதியைச் செம்மைப்படுத்தும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. டெக்செட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இவ்வடிவத்தை இன்றும் ஏற்பதால் இவ்வாய்வு நடைமுறைத் தேவையும் உடையதாகிறது.

கோப்பின் அமைப்பு

32 ஒலிகள் கொண்ட ஒரு தொகுதி, மிடி நெறிமுறையின்படி 4104 பைட்டுகள் கொண்ட ஒரே செய்தியாக அமைகிறது. தொடக்கக் குறியான 240, யமஹாவின் அடையாள எண்ணான 67 ஆகியவற்றை உள்ளடக்கிய தலைப்பகுதி 6 பைட்டுகள். ஒலி ஒன்றுக்கு 128 வீதம் தரவுப்பகுதி 4096 பைட்டுகள். சரிபார்ப்புத் தொகை 1 பைட். முடிவுக் குறியான 247 மற்றொரு பைட். ஒவ்வோர் ஒலிக்கும் உரிய 128 பைட்டுகளுள் 118 ஒலியின் பண்புகளையும், எஞ்சிய 10 அதன் பெயரையும் குறிக்கின்றன.

சரிபார்ப்பின் எல்லைகள்

கோப்பின் பின்னொட்டை மட்டும் நம்புதல் முதற்பிழையாகும். ஒரே பின்னொட்டைப் பல நிறுவனங்களின் கருவிகளுக்கான கோப்புகளும் கொண்டுள்ளன. ஆகவே தலைப்பகுதியைப் படித்தே வடிவத்தை உறுதிசெய்தல் வேண்டும். தலைப்பகுதி நீங்கி 4096 பைட்டுகள் மட்டும் எஞ்சிய கோப்புகளையும், பல செய்திகள் ஒன்றாக இணைந்த கோப்புகளையும் தனித்தனியே இனங்காண வேண்டும்.

தரவுப் பைட்டுகளின் கூட்டுத்தொகையுடன் சரிபார்ப்புத் தொகையைச் சேர்த்தால், அது 128ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரு பைட் மட்டும் மாறியிருப்பின் இச்சோதனை அதனைத் தவறாது காட்டும். இரு பைட்டுகள் இடம் மாறியிருப்பின் காட்டாது. ஏனெனில் கூட்டுத்தொகை மாறுவதில்லை. எனவே மதிப்புகளின் எல்லையையும் சோதித்தல் இன்றியமையாதது. சான்றாக, ஒலியளவின் மதிப்பு 0 முதல் 99 வரை மட்டுமே அமையலாம். ஆனால் அதற்குரிய பைட் 127 வரை ஏற்கும்.

சரிபார்ப்பில் தவறிய கோப்பை முற்றாக மறுப்பது பொருத்தமன்று. மூலக்கருவியின் நினைவகம் மின்கலத்தைச் சார்ந்தது. மின்கலம் தீர்ந்தபின் அவ்வொலிக்கு அக்கோப்பே ஒரே சான்றாக எஞ்சியிருக்கலாம். எச்சரிக்கையின்றி ஏற்பதும் தவறே. ஐயத்திற்குரிய ஒலிகளைக் குறியிட்டு ஏற்று, மூலக்கோப்பை மாற்றாமல் காத்தலே தக்கது. எல்லாச் சோதனைகளும் முடிந்து, பயனர் பட்டியலைக் கண்டு இசைந்த பின்னரே நடப்பிலுள்ள தொகுதியை மாற்றுதல் வேண்டும்.

பெயரும் தமிழும்

ஒரே ஒலி பல பெயர்களில் பரவியிருத்தல் இயல்பு. பெயரை விலக்கி 118 பைட்டுகளை மட்டும் ஒப்பிட்டால் இவ்விரட்டிப்பு புலப்படும்.

தமிழ்ப் பெயர்களை ஆள்வதில் வேறொரு சிக்கல் எழுகிறது. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறுகிறது. ‘வீணை’ என்னும் சிறு சொல்லுக்கே 12 பைட்டுகள் தேவை. உள்ள இடமோ 10. மேலும் அப்பைட்டுகள் அனைத்தும் 127க்கு மேற்பட்டவை. மிடி தரவில் 127க்கு மேற்பட்ட எண் வந்தால் கருவி அதனைக் கட்டளையாகக் கொள்ளும்; செய்தி இடையிலேயே முறியும். ஆதலால் தமிழ்ப் பெயரை மூலக்கோப்பில் திணிக்காமல், 118 பைட்டுகளிலிருந்து பெறும் அடையாளத்துடன் இணைத்துத் தனிப்பதிவில் வைத்தல் வேண்டும்.

முடிவுரை

தலைப்பகுதியால் வடிவமறிதல், தொகையும் எல்லையும் சோதித்தல், ஐயமுள்ளதைக் குறியிட்டுக் காத்தல், இசைவு பெற்று மாற்றுதல், பெயரைத் தனியே பதிதல் ஆகிய ஐந்தும் இறக்குமதியைச் செம்மையாக்கும். பழைய ஒலிகளைத் தமிழில் ஆவணப்படுத்த விழைவோர்க்கு இறுதிப்படி அடிப்படைத் தேவையாகும்.