கயிற்றின் இரு முனைகள்

பாறையேற்றத்தைக் காட்டும் ஒளிப்படங்களில் பெரும்பாலும் ஒருவரே தென்படுவார். செங்குத்தான பாறையில் விரல் நுனிகளால் பற்றித் தொங்குபவர் அவர். அவருடைய கயிற்றைப் பிடித்தபடி தரையில் நிற்கும் மற்றொருவர் படத்தில் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவர் பிடி தளர்ந்தால் மேலே இருப்பவரின் உயிருக்குப் பாதுகாப்பில்லை. பொழுதுபோக்காகப் பாறை ஏறும் தம்பதியர் இவ்விரு பணிகளையும் மாறி மாறி ஏற்கின்றனர். ஒரு பாதையில் மனைவி ஏற, கணவர் கயிறு பிடிப்பார். அடுத்த பாதையில் கணவர் ஏற, மனைவி கயிறு பிடிப்பார். நோயுற்றவரும் அவரைப் பேணுபவரும் சேர்ந்து படிக்கும் இவ்விதழில், அத்தம்பதியரின் கருவிகளையும் பழக்கங்களையும் சற்று விரிவாகக் காண்போம்.

பையில் இருப்பவை

முதன்மையான கருவி கயிறு. நைலான் இழைகளாலான உட்பகுதியும், அதைக் காக்கும் நெய்த மேலுறையும் கொண்டது அது. 9 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனும் 60 அல்லது 70 மீட்டர் நீளமும் உடைய கயிற்றையே பலர் வாங்குகின்றனர். அதன் எடை ஏறத்தாழ 4 கிலோ. இக்கயிற்றின் சிறப்பு வலிமை மட்டுமன்று. நீளும் தன்மையும் ஆகும். விழுபவரின் வேகத்தைக் கயிறு நீண்டு உள்வாங்கிக்கொள்கிறது. நீளாத கயிறாயின் அந்த அதிர்ச்சி முழுவதும் இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் தாக்கும்.

இடுப்பையும் தொடைகளையும் சுற்றிக் கட்டும் ஹார்னஸ், கயிற்றைக் கோக்கும் காரபைனர் என்னும் உலோக வளையங்கள், வியர்வையை உறிஞ்சும் மெக்னீசியம் கார்பனேட் தூள், பாதத்தை இறுகப் பற்றும் ரப்பர் அடிக் காலணிகள் ஆகியவையும் பையில் இருக்கும். தலைக்கவசங்கள் இரண்டு வேண்டும். மேலிருந்து பெயரும் கல் கீழே நிற்பவரின் தலையில் விழக்கூடும் என்பதால், தரையில் நிற்பவரும் கவசம் அணிகிறார்.

கயிறு பிடிப்பவர் வெறுங்கையால் பிடிப்பதில்லை. உராய்வினால் கயிற்றைத் தடுக்கும் சிறு கருவியொன்று அவருடைய ஹார்னஸில் மாட்டப்பட்டிருக்கும். 1991-இல் பெட்ஸல் நிறுவனம் வெளியிட்ட கிரிகிரி போன்ற சில கருவிகள், கயிறு திடீரென இழுபடும்போது தாமாகவே இறுகும். அவ்வாறிருந்தும், கயிற்றின் அடிப்பகுதியைப் பற்றிய கையை ஒருபோதும் எடுக்கலாகாது என்பதே முதற்பாடம்.

கயிற்றை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பது அனுபவத்தால் அமையும் கலை. மிக இறுக்கிப் பிடித்தால் ஏறுபவரால் அசைய இயலாது. விழும்போது பாறையில் மோதிக் கணுக்காலில் காயமும் அடைவார். மிகத் தளர்த்தினால் தரையில் வந்து விழுவார். தரைக்கு அருகில் இருக்கும்போது தளர்வு குறைவாகவும், உயரம் சென்றபின் சற்றே கூடுதலாகவும் இருக்க வேண்டும். நோயாளியை நடக்கவைக்கும் குடும்பத்தாரும் இதே சிக்கலை நன்கறிவர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் நாள் தோளை அணைத்துப் பிடித்த கை, பத்தாம் நாள் அருகில் இருந்தால் போதும்.

தம்பதியரிடையே எடை வேறுபாடு மிகுதியாயின் மற்றொரு சிக்கல் எழுகிறது. எடை மிக்கவர் விழும்போது, கீழே பிடிப்பவர் மேல்நோக்கித் தூக்கப்படுவார். இதைத் தடுக்க, கூடுதல் உராய்வு தரும் கருவியை முதல் கொக்கியிலேயே மாட்டுகின்றனர். எடெல்ரிட் நிறுவனத்தின் ஓம் அத்தகையது. மெலிந்தவர் எவ்வளவு அன்புடையவராயினும், எடையின் கணக்கை அன்பினால் ஈடுசெய்ய இயலாது. வீட்டில் நோயாளியைத் தனியாகத் தூக்கி முதுகை வருத்திக்கொள்பவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். தூக்கும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கற்பதும், மற்றொருவரை உதவிக்கு அழைப்பதும் இயலாமையின் அடையாளம் அல்ல.

ஏறும் முன் ஒரு சோதனை

தரையை விட்டுக் காலை எடுக்கும் முன் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்கின்றனர். எட்டு வடிவ முடிச்சு முழுமையாக உள்ளதா, ஹார்னஸின் வார் பூட்டப்பட்டதா, கருவியில் கயிறு சரியான பக்கத்தில் செல்கிறதா, காரபைனர் பூட்டியுள்ளதா என்று கண்ணால் பார்த்துக் கையாலும் தொட்டு உறுதி செய்கின்றனர்.

இச்சோதனையின் இன்றியமையாமையை உணர்த்துவது அமெரிக்க வீராங்கனை லின் ஹில்லின் அனுபவம். 1989-இல் தம் கணவருடன் பிரான்சின் புவூ என்னும் இடத்திற்குச் சென்றிருந்த அவர், முடிச்சிடும் வேளையில் கவனம் சிதறி அதை முடிக்காமல் விட்டார். மேற்சட்டை மறைத்ததால் அக்குறை கண்ணில் படவில்லை. உச்சியை அடைந்து கயிற்றில் சாய்ந்தவர் 20 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தார். இடையில் இருந்த மரமொன்று வேகத்தைக் குறைத்ததால் உயிர் பிழைத்தார். முழங்கை மூட்டு விலகியது, பாதத்தில் எலும்பு முறிந்தது. அப்போது அவர் உலகின் முன்னணி வீராங்கனையருள் ஒருவர். தேர்ச்சி மிக்கவருக்கும் மற்றொருவரின் கண் தேவை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. நலமடைந்த லின் ஹில், கலிபோர்னியாவில் எல் கேப்பிட்டன் பாறையின் நோஸ் என்னும் பாதையைக் கருவிகளால் உந்தப்படாமல் கைகால்களின் வலிமையால் மட்டுமே ஏறிய முதல் மனிதரானார், ஆண்டு 1993.

பாதாமியில் ஒரு விடுமுறை

தமிழ்நாட்டுத் தம்பதியர் எளிதில் செல்லக்கூடிய பாறையேற்றத் தலங்களுள் ஒன்று கர்நாடகத்தின் பாதாமி. 642-ஆம் ஆண்டில் நரசிம்மவர்ம பல்லவன் கைப்பற்றிய வாதாபி இதுவே. இங்குள்ள செம்மணற்பாறைகளில் கயிற்றைக் கோப்பதற்கான கொக்கிகள் பதிக்கப்பட்ட பாதைகள் பல உள்ளன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வெயில் கடுமையானால் விரல்கள் வியர்த்துப் பிடி வழுக்கும். மழை பெய்தால் பாறை நன்கு உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரமான மணற்பாறை வலிமை குன்றிப் பெயரும். தொலைவிலிருந்து வந்துவிட்டோமே என்று ஈரப்பாறையில் ஏறுபவர்கள் தங்களுக்கும் பாறைக்கும் தீங்கு செய்கின்றனர்.

உயரத்தில் காற்றடிக்கும்போது நீண்ட சொற்றொடர்கள் காதில் விழா. ஆகவே ‘பிடி’, ‘தளர்த்து’, ‘இறக்கு’ போன்ற குறுஞ்சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கின்றனர். நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போதும் இம்முறை பயன்படும். இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு சொல்லைச் சொல்லி ஒரே நேரத்தில் அசைந்தால் வலியும் குறையும், தடுமாற்றமும் குறையும்.

வழி மாற்றிய முதுகு

ஆஸ்திரியாவைச் சேர்ந்த பார்பரா சங்கெர்ல், மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவில் பணியாற்றியவர். கயிறின்றிக் குட்டையான பாறைகளில் ஏறும் முறையில் இளமையிலேயே தேர்ந்தார். அம்முறையில் ஏறுபவர் ஒவ்வொரு முறையும் தரையிலுள்ள மெத்தையில் வந்து விழுவார். முதுகெலும்பின் வட்டு விலகியபின் அத்தகைய அதிர்ச்சிகளை அவரால் தாங்க இயலவில்லை. அவர் பாறையை விடவில்லை. கயிற்றுடன் ஏறும் முறைக்கு மாறினார். தம் வாழ்க்கைத் துணைவர் யாகோப்போ லார்ச்சருடன் 2019-இல் நோஸ் பாதையை ஏறினார். 2024 நவம்பரில், அதே எல் கேப்பிட்டனின் ஃப்ரீரைடர் என்னும் பாதையை முதல் முயற்சியிலேயே, ஒருமுறையும் விழாமல் ஏறி முடித்தார். அப்பெரும்பாறையில் அதுவரை எவரும் அதைச் செய்ததில்லை. உடன் ஏறிய லார்ச்சர் ஓரிடத்தில் தவறி விழுந்ததால் அச்சாதனை அவருக்குக் கிட்டவில்லை. எனினும் இருவரும் உச்சியைச் சேர்ந்தே அடைந்தனர்.

எல்லா நோயும் இத்தகைய முடிவைத் தருவதில்லை. ஆயினும், ‘இனி இயலாது’ என்ற முடிவுக்கு வருமுன் ‘வேறு எவ்வாறு இயலும்’ என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கீழே நிற்பவரின் கழுத்து

கயிறு பிடிப்பவர்கள் நெடுநேரம் அண்ணாந்து நிற்பதால் கழுத்து வலி அடைகின்றனர். பாறையேற்ற உலகில் இது பரவலாக அறியப்பட்ட தொல்லை. பார்வையை மேல்நோக்கி வளைக்கும் பட்டகக் கண்ணாடிகள் இதற்காகவே விற்கப்படுகின்றன. அவற்றை அணிந்தால் கழுத்தை நிமிர்த்தாமலே மேலிருப்பவரைக் காணலாம். அனைவரும் ஏறுபவரின் விரல்களைப் பற்றிக் கவலைப்பட்ட காலத்தில், கீழே நிற்பவரின் கழுத்தையும் ஒருவர் எண்ணிப் பார்த்ததன் பயன் அது.

மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்குபவர்கள், தங்கள் மாத்திரையை மறந்து நோயாளியின் மாத்திரையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் நம் வாசகர்களுள் பலர். ஒரு பாதை முடிந்ததும் தம்பதியர் இடம் மாறிக்கொள்வதைப் போல, பராமரிப்பிலும் முறைவைத்து ஓய்வு கொள்வது தேவை.

மீண்டும் ஏற விரும்புவோர் கவனத்திற்கு

எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, இதய நோய், வலிப்பு, தலைச்சுற்றல் ஆகியவற்றுக்குப் பின் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பாறையேறக் கூடாது. எலும்புத் தேய்வு உடையோரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் தம் நிலையை முன்னரே தெரிவிக்க வேண்டும். நீரிழிவினால் பாத உணர்ச்சி குன்றியோருக்கு இறுக்கமான காலணிகள் புண்ணை உண்டாக்கும். தசைகள் விரைவில் வலுப்பெறும். தசைநாண்கள் மெதுவாகவே பழகும். ஆகவே முதல் மாதங்களில் எளிய பாதைகளே போதும். ஏறும்போது விரலில் ‘டப்’ என்ற ஓசையும் வலியும் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. பயிற்சியைத் தகுதி வாய்ந்த பயிற்றுநரிடம் உள்ளரங்கச் சுவரில் தொடங்குவது நலம்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, உடன் வருபவரின் கழுத்து வலியையும் மறவாமல் சொல்லுங்கள்.